ஒரே ஆணியில் இரண்டு நோட்டுகள்

பால் விலை ஏறினால் பட்டணத்தார் பதறுகிறார்கள்; பால் விலை இறங்கினால் பட்டிக்காட்டார் பதறுகிறார்கள். ஒருவர் வீட்டு அடுப்பு எரிய வேண்டுமானால் மற்றவர் வயிறு எரிந்தாக வேண்டும் என்று யாரோ விதித்துவைத்தது போல, இந்த இரு சாராரையும் எதிரெதிரே நிறுத்தி வேடிக்கை பார்ப்பது நாட்டில் வாடிக்கையாகிவிட்டது. கொள்முதல் விலையைக் கூட்டு என்று குரல் எழுந்தால், "ஏழைக் குழந்தையின் பாலில் கை வைப்பதா?" என்று சீறுகிறார்கள். விற்பனை விலையைக் குறை என்று குரல் எழுந்தால், "உழவன் வயிற்றில் அடிப்பதா?" என்று உறுமுகிறார்கள். இரண்டும் நியாயமான கேள்விகளாகவே தோன்றும். ஆனால் இரண்டையும் கேட்பவர்கள் ஓர் உண்மையை மறந்துவிடுகிறார்கள். பாலைக் கறந்து ஊற்றுகிறவரும், பருப்பையும் எண்ணெயையும் விலை கொடுத்து வாங்குகிறவரும் வேறு வேறு ஆட்களா?

அவலூர்பேட்டைப் பக்கம் ஒருமுறை சென்று வந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர் வட்டத்தில், ஒருபுறம் செஞ்சி, மறுபுறம் திருவண்ணாமலை என்று இரு பெரும் ஊர்களுக்கு நடுவே இருக்கிறது அந்த ஊர். பெயரிலேயே பேட்டையைத் தாங்கிய ஊர். சுற்று வட்டாரத்துக் கிராமங்கள் விற்கவும் வாங்கவும் கூடும் இடம். பாறைக் குன்றுகளும், வானம் பார்த்த கழனிகளும், ஏரியையும் கிணற்றையும் நம்பிய நெல் வயல்களும் நிறைந்த சீமை. மழை பொய்த்தால் நெல் பொய்க்கும். பூச்சி விழுந்தால் மல்லாட்டை பொய்க்கும். பொய்க்காமல் நாள்தோறும் இரண்டு வேளை நாலு காசு கொண்டுவருவது கொட்டகையில் கட்டியிருக்கும் மாடுதான்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் நூல் கட்டித் தொங்கியவை இரண்டு நோட்டுகள். ஒன்று பால் சொசைட்டி நோட்டு. காலையில் எத்தனை லிட்டர், மாலையில் எத்தனை லிட்டர் என்ற வரவு அதில் இருந்தது. மற்றொன்று மளிகைக் கடை நோட்டு. பருப்பு, எண்ணெய், புளி, மிளகாய், சீயக்காய் என்ற பற்று அதில் இருந்தது. வரவு நோட்டில் எழுத்து மெல்ல நகர்ந்திருந்தது. பற்று நோட்டில் எழுத்து பக்கம் பக்கமாக ஓடியிருந்தது.

"ஏம்மா, பால் விலையைக் கூட்டினால் உங்களுக்கு மகிழ்ச்சிதானே?" என்று அந்த வீட்டுத் தாயாரைக் கேட்டோம்.

"கூட்டினா சந்தோசந்தாங்க ஐயா. ஆனா பால் ஒரு ரூபா ஏர்றதுக்குள்ள பருப்பு பத்து ரூபா ஏறிடுதே! எங்க மாடு நடந்து வருது, கடைக்காரர் விலை வண்டியில போவுது" என்றார்.

பொருளாதாரம் படித்த பெருமக்கள் பல பக்கம் எழுதுவதை அந்தத் தாய் இரண்டு வரியில் சொல்லி முடித்தார். சொல்லிவிட்டு நமக்கு ஒரு குவளை காப்பியும் கொடுத்தார். அது வரக்காப்பி! இரண்டு மாடு கட்டிய வீட்டில், விருந்தினருக்கு ஊற்றவும் பால் மிஞ்சவில்லை. கறந்தது முழுவதும் சொசைட்டிக்குப் போயிருந்தது. போகாவிட்டால் அந்த இரண்டாம் நோட்டுக்குப் பதில் சொல்வது யார்?

கோன் கண்ட கோட்டை

2025ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 11ஆம் நாள், செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மராத்தியரின் படைக் கோட்டைகள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ ஏற்றது. அவற்றுள் பதினொன்று மராட்டிய மாநிலத்தில், ஒன்றே ஒன்று தமிழ்நாட்டில். அந்த ஒன்று நம் செஞ்சி. பெருமைப்பட வேண்டிய செய்தி, பெருமைப்பட்டோம்.

சிவாஜி 1677இல் அதைக் கைப்பற்றினார் என்று சொல்கிறோம். மொகலாயப் படை 1690 முதல் 1698 வரை அதைச் சுற்றிப் பாசறை அடித்தது என்று சொல்கிறோம். தேசிங்கு ராஜன் 1714இல் வீழ்ந்த கதையையும், அவன் ஏறிய குதிரையின் கதையையும் தெருக்கூத்தில் விடிய விடியக் கேட்கிறோம். ஆனால் அந்தக் கோட்டைக்கு முதற்கல் நட்டவர் யார் என்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே அரண் கண்டவர் ஆனந்தக் கோன் என்றும், அவர் வழிவந்த கிருஷ்ணக் கோன் பக்கத்துக் குன்றிலும் அரண் எழுப்பினார் என்றும் செவிவழிச் செய்தி சொல்கிறது. பழைய ஏடுகளும் சொல்கின்றன. கோன் என்றால் ஆயர் குலத் தலைவன். ஆடும் மாடும் மேய்த்த குடியில் பிறந்தவன் கட்டிய கோட்டைதான் பின்னர் மன்னர்களின் மணிமுடிப் போட்டிக்குக் களமாயிற்று!

குதிரை ஏறியவனுக்குப் பாட்டு இருக்கிறது. மாடு மேய்த்தவனுக்குப் பாட்டு இல்லை. அன்று தொட்டு இன்று வரை அதுவே நிலை. மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுகிறோம். நவம்பர் 26ஆம் நாளைத் தேசியப் பால் நாள் என்று கொண்டாடுகிறோம். மறுநாள் காலையில் பால் உறையைக் கத்தரித்து ஊற்றும்போது, இதைக் கறந்த கை எது என்ற நினைவு யாருக்கு வருகிறது? நடிகரின் கட்-அவுட்டுக்குக் குடம் குடமாகப் பாலைக் கொட்டும் தம்பிமார்களே, அந்தக் குடத்துப் பாலுக்குப் பின்னே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்த ஒரு தாய் இருக்கிறாள் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பாராட்டு மட்டும் பசி தீர்க்காது. ஆகவே கணக்குக்கு வருவோம்.

கூட்டுறவுச் சங்கம் பசும்பாலுக்குக் கொடுத்த விலை 2019 ஆகஸ்டில் லிட்டருக்கு 28 ரூபாயிலிருந்து 32 ஆயிற்று. 2022 நவம்பர் 5 முதல் 35 ஆயிற்று. எருமைப் பாலுக்கு 41லிருந்து 44 ஆயிற்று. அது போதாது, லிட்டருக்கு 7 ரூபாய் உயர்த்துங்கள் என்று உற்பத்தியாளர்கள் 2023 மார்ச்சில் பால் ஊற்றுவதை நிறுத்திப் போராடினார்கள். அவ்வாண்டு டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. ஆக, பசும்பாலுக்கு 38, எருமைப் பாலுக்கு 47. அதுவும் கொழுப்பும் மற்றச் சத்தும் குறித்த அளவில் இருந்தால்தான். பால்மானி சற்று இறங்கினால் பணமும் இறங்கும்.

இனி, இரண்டு கறவை மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வேளையும் சேர்த்து 10 லிட்டர் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் வரவு 380 ரூபாய். மாட்டுக்கு என்ன கொடுக்க வேண்டும்? கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ அடர்தீவனம். உடம்பைக் காக்க மாடு ஒன்றுக்கு ஒன்றரைக் கிலோ. கால்நடை நூல்கள் சொல்லும் பொதுவான அளவு இது. அந்தக் கணக்கில் நாள் ஒன்றுக்கு 7 கிலோ. தவிடும் புண்ணாக்கும் கலந்த தீவனம் கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் 210 ரூபாய் போயிற்று. வைக்கோல், பசுந்தீவனம், சினை ஊசி, மருந்து, மின்சாரம் என்று 60 ரூபாய் என்றால், மிச்சம் 110. மாதத்துக்கு 3,300 ரூபாய். சாணம் அள்ளி, தண்ணீர் காட்டி, புல் அறுத்து, பால் கறந்து, கேன் சுமந்த இரண்டு பேரின் காலை மாலை உழைப்புக்கு இதுதான் கூலி!

இதிலும் ஒரு பொடி வைத்திருக்கிறது இயற்கை. மாடு ஆண்டு முழுதும் கறப்பதில்லை. கன்று ஈன்று பத்து மாதம் போல் கறக்கும். பிறகு இரண்டு மாதம் வற்றி நிற்கும். கறவை நின்றாலும் வயிறு நிற்குமா? அந்த நாட்களில் வரவு நோட்டில் ஒன்றும் ஏறாது. பற்று நோட்டு மட்டும் தன் கடமையைத் தவறாமல் செய்யும். கோமாரி வந்தாலோ, 2022இல் நாடெங்கும் பரவியதே தோல் கழலை நோய், அது போல ஒன்று வந்தாலோ, கணக்கே கவிழ்ந்துவிடும்.

கவிழ்ந்தால் என்ன செய்வார்கள்? மாட்டைச் சந்தைக்கு ஓட்டுவார்கள். இதுதான் நம்மைக் கலங்க வைக்கும் இடம். விலைவாசியைத் தாங்க முடியாமல் மாட்டை விற்பது ஒரு காலைப் பொழுதின் வேலை. அந்த இடத்தில் இன்னொரு கறவையை நிறுத்துவது அப்படி அல்ல. பிறந்த கிடாரிக்கன்று வளர்ந்து, சினைப்பட்டு, ஒன்பது மாதத்துக்கு மேல் சுமந்து, முதற்கன்று ஈன ஏறத்தாழ மூன்று ஆண்டு ஆகும். பால் விலையைச் சர்க்கார் ஒரே இரவில் மாற்றிவிடலாம்; கிடாரியை ஒரே இரவில் பசுவாக்க எந்தச் சர்க்காராலும் முடியாது. இன்று அவலூர்பேட்டையில் விற்கப்படும் மாடு, மூன்றாண்டு கழித்துச் சென்னையில் காணாமற்போகும் பால்!

எண்ணெய் வேறு, புண்ணாக்கு வேறு

மளிகை நோட்டைப் புரட்டினால் அதிகம் ஏறியிருப்பது எண்ணெய். இது செஞ்சிச் சீமை. மல்லாட்டை விளையும் மண். இந்த மண்ணில் எண்ணெய்க்கு ஏன் இந்தப் பாடு?

ஒரு காலத்தில் இங்கே ஊருக்கு ஊர் செக்கு இருந்தது. மல்லாட்டையைச் செக்கில் போட்டார்கள். எண்ணெய் மனிதனுக்கு வந்தது, புண்ணாக்கு மாட்டுக்கு வந்தது, மாட்டின் சாணம் கழனிக்குப் போயிற்று, கழனி மீண்டும் மல்லாட்டையைத் தந்தது. இந்த வட்டத்துக்குள் வெளியார் கை நுழைய இடமில்லை. இன்று மல்லாட்டை மூட்டையாகக் கமிட்டிக்குப் போகிறது. அங்கிருந்து எங்கோ போகிறது. எண்ணெய் உறையில் அடைபட்டு ஒரு விலையில் வருகிறது. புண்ணாக்கு மூட்டையில் அடைபட்டு வேறொரு விலையில் வருகிறது. விளைவித்தவன் ஒருமுறை விற்கிறான். இரண்டு முறை வாங்குகிறான்! ஒருமுறை தனக்கு, ஒருமுறை தன் மாட்டுக்கு.

அந்த உறையில் இருப்பதும் பெரும்பாலும் நம் மண்ணின் எண்ணெய் அல்ல. இந்தியா பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கடல் கடந்து வருகிறது. அதனால்தான் 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது நம் ஊரில் சூரியகாந்தி எண்ணெய் விலை எகிறியது. அவ்வாண்டு ஏப்ரலில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியபோது நம் வடை சட்டி வறண்டது. 2024 செப்டம்பரில் மத்திய சர்க்கார் கச்சா எண்ணெய் வகைகளின் இறக்குமதி வரியை 20 விழுக்காடு உயர்த்தியது. 2025 மே மாதம் அதில் பாதியைக் குறைத்தது. வரியை ஏற்றியபோது எண்ணெய் வித்து உழவனுக்காக என்றார்கள். இறக்கியபோது இல்லத்தரசிக்காக என்றார்கள். அந்த உழவனும் அந்த இல்லத்தரசியும் அவலூர்பேட்டையில் ஒரே கூரையின் கீழ் வாழும் கணவனும் மனைவியும் என்பதை தில்லி அறியுமோ, அறியாதோ!

2023-24இல் மத்திய சர்க்கார் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கு ஒரு செய்தி சொல்கிறது. நகரத்தார் செலவழிக்கும் நூறு ரூபாயில் உணவுக்குப் போவது சுமார் 40; கிராமத்தார் செலவழிக்கும் நூறில் உணவுக்குப் போவது சுமார் 47. அதாவது உணவை விளைவிக்கும் கிராமம்தான் உணவு விலை ஏற்றத்தில் அதிகமாக அடிபடுகிறது. ஊருக்குச் சோறு போடுகிறவன் தன் சோற்றுக்கு அதிகப் பங்கு கொடுக்கிறான். இதைவிடக் கொடுமை உண்டோ!

பாலை உலகிலேயே அதிகம் கறக்கும் நாடு இது. 2023-24இல் சுமார் 23.9 கோடி டன். மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் மார்தட்டும் கைக்குச் சொந்தக்காரர் யார்? பாட்டன் காலத்துப் பெரும் பண்ணைக்காரரா? இல்லை. இரண்டு மாடும் மூன்று மாடும் வைத்திருக்கும் கோடிக் கணக்கான எளிய குடும்பங்கள். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவர் வீட்டிலும் மாடு உண்டு. அந்த மாடு பெரும்பாலும் பெண்களின் கையில் வளர்கிறது.

கெய்ராவும் திருவல்லிக்கேணியும்

வழி என்ன என்று கேட்பவர்களுக்கு நாம் புதுமையாக எதையும் சொல்லப் போவதில்லை. வழி முன்னரே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஒன்று குஜராத்தில்; மற்றொன்று நம் சென்னையிலேயே.

1946இல் குஜராத்தின் கெய்ரா மாவட்டத்தில் பால்காரர்கள் ஒரு தனியார் கம்பெனியின் பிடியில் சிக்கியிருந்தார்கள். அது வைத்ததே விலை. சர்தார் பட்டேலின் அறிவுரைப்படி, ஜனவரி மாதம் சமர்க்கா என்னும் சிற்றூரில் கூடி முடிவெடுத்தார்கள்: நம் சங்கத்தின் மூலம் அல்லாமல் ஒரு சொட்டுப் பாலும் தருவதில்லை! பதினைந்து நாள் பால் நின்றது, பம்பாய் திணறியது, கோரிக்கை வென்றது. திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையில் அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் சங்கம் பதிவாயிற்று. தொடக்கத்தில் இரண்டே கிராமச் சங்கங்கள்; நாளுக்கு 250 லிட்டர் பால். 1949இல் வர்கீஸ் குரியன் என்ற கேரளத்து இளைஞர் அங்கே போய்ச் சேர்ந்தார். அதுதான் பின்னர் அமுல் என்று ஆலமரமாயிற்று. அதைப் பார்த்துத்தான் 1965இல் தேசியப் பால்வள வாரியமும், 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டமும் பிறந்தன. தமிழ்நாட்டில் 1958இல் பால்வளத்துக்கென்று தனித் துறை அமைந்தது. 1981இல் பால் உற்பத்தியாளரின் கூட்டுறவு இணையம், நாம் ஆவின் என்று அழைப்பது, எழுந்தது. அவலூர்பேட்டைத் தாயார் ஊற்றும் பாலும் அதன் மாவட்ட ஒன்றியத்தின் எல்லைக்குள் வருவது.

இது விற்பவர் சேர்ந்த கதை. வாங்குபவர் சேர்ந்த கதை இதற்கும் மூத்தது. 1904இல் சென்னைத் திருவல்லிக்கேணியில், மளிகைக் கடையின் விலையையும் கலப்படத்தையும் தாங்க முடியாத நடுத்தரக் குடும்பத்தினர் சிலர் கூடி, தாங்களே ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை நடத்துவது என்று முடிவு செய்தார்கள். அதுதான் டி.யு.சி.எஸ். இந்தியாவின் முதல் நுகர்வோர் கூட்டுறவு என்று பெயர் பெற்றது. இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் 1844இல் காட்டிய வழியை அவர்கள் சென்னையில் நட்டார்கள்.

விற்பவர் சங்கம் ஒருபுறம், வாங்குபவர் சங்கம் ஒருபுறம். இரண்டும் தனித்தனியே வெற்றி கண்டவை. ஆனால் அவலூர்பேட்டைத் தாயார் விற்பவராகவும் வாங்குபவராகவும் ஒரே நேரத்தில் இருக்கிறாரே! அவருக்கு மட்டும் ஏன் பாதிச் சங்கம்?

நாம் வேண்டுவது

பால் சொசைட்டியில் பருப்பும் எண்ணெயும் தீவனமும் கிடைக்கட்டும். மொத்தமாகக் கொள்முதல் செய்த விலைக்கு, நடத்தும் செலவை மட்டும் சேர்த்து, உறுப்பினருக்குக் கொடுக்கட்டும். பால் கணக்கில் பிடித்துக்கொள்ளட்டும். அதற்கு வட்டி இல்லை, இடைத்தரகர் இல்லை. நாலைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரு மரச்செக்கோ எண்ணெய் ஆலையோ வைக்கட்டும். உறுப்பினரின் மல்லாட்டை அங்கே போகட்டும். எண்ணெய் அடுப்படிக்கும் புண்ணாக்கு கொட்டகைக்கும் திரும்பி வரட்டும். அறுந்த வட்டத்தை முடிபோட்டுச் சேர்க்கலாம். சுருக்கமாகச் சொன்னால், அந்த ஆணியில் தொங்கும் இரண்டு நோட்டுகளும் ஒரே நோட்டாகட்டும்.

"இருக்கிற சங்கமே ஒழுங்காக நடக்கவில்லை, இதில் மளிகையும் வேறா?" என்று கேட்பீர்கள். கேள்வி சரியானது. அளவில் குறை, தரம் பார்ப்பதில் குறை, பணம் தருவதில் தாமதம் என்று உறுப்பினர்கள் புலம்புவதை நாமும் கேட்டிருக்கிறோம். ஆனால் சங்கம் கெட்டுப்போனதற்கு மருந்து சங்கத்தைக் கைவிடுவதல்ல. தேர்தலைக் காலத்தில் நடத்துவது. தணிக்கையை உறுப்பினர் முன்னே படிப்பது. பேரவைக் கூட்டத்தன்று கேன் சுமக்கும் தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கணக்குக் கேட்பது. அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டால் பல நாற்காலிகள் தாமாகவே ஒழுங்காகிவிடும்.

சர்க்காருக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கொள்முதல் விலை என்பது போராட்டம் நடந்தால் ஏறுவதும், தேர்தல் வந்தால் அசைவதுமாக இருக்கலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, குறித்த நாளில், தீவன விலையோடு இணைத்து அது நிர்ணயிக்கப்பட வேண்டும். பால் செலவில் பாதிக்கு மேல் தீவனச் செலவு என்பது எல்லாரும் ஒப்பும் உண்மை. அரிசி விலையை மட்டும் பார்த்துக் கூலி நிர்ணயிப்பது எவ்வளவு தவறோ, தீவன விலையைப் பாராமல் பால் விலை நிர்ணயிப்பதும் அவ்வளவு தவறு. பத்து நாள் பட்டுவாடா பத்து நாளில் நடக்க வேண்டும். ஊக்கத்தொகை பால் பணத்தோடு சேர்ந்தே வர வேண்டும்.

நுகர்வோர்க்குக் குறைந்த விலையில் பால் தருவதை நாம் குறை சொல்லவில்லை. 2021 மே 16 முதல் ஆவின் பால் லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டபோது ஏழை எளிய குடும்பங்கள் மகிழ்ந்தன, நாமும் மகிழ்ந்தோம். ஆனால் அந்தச் சலுகையின் சுமையைப் பொதுக் கருவூலம் தாங்க வேண்டும். மாட்டுக் கொட்டகை தாங்கலாகாது. கறப்பவரிடம் 38க்கு வாங்கி, கொழுப்பைச் சமன்செய்து, குளிரூட்டி, உறையிட்டு, வண்டியில் ஏற்றி 40க்கு நீல உறைப் பாலாக விற்கும் சங்கத்துக்கு நடுவில் என்ன மிஞ்சும்? மிஞ்சாத இடத்தில் யாராவது ஒருவர் தலையில் கை விழும். அந்தத் தலை உற்பத்தியாளரின் தலையாக இருக்கக் கூடாது.

அமுல் தமிழ்நாட்டுக்குள் வந்து பால் எடுப்பது குறித்து 2023 மே மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஒரு மாநிலக் கூட்டுறவு மற்றொன்றின் பால் பகுதிக்குள் நுழைவதில்லை என்ற மரபை அவர் நினைவூட்டினார். மரபு காக்கப்பட வேண்டியதுதான். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கும் வண்டி வாசலில் வந்து நின்றால், மளிகை நோட்டு முட்டிக்கொண்டிருக்கும் தாய் அந்த வண்டிக்கு ஊற்றுவார். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு நாக்கு எழவில்லை. நம் சங்கத்தைக் காக்கும் வேலி கடிதத்தால் மட்டும் அமையாது. காலத்தில் தரும் நியாய விலையால் அமையும்.

களஞ்சியம் நமக்கும் உண்டு

செஞ்சிக் கோட்டைக்குள் சென்றவர்கள் அங்கே மலைபோல் நிற்கும் நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். பீரங்கி எத்தனை இருந்தாலும் களஞ்சியம் காலியானால் கோட்டை விழும் என்பதைப் பழைய மன்னர்கள் அறிந்திருந்தார்கள். மக்களாட்சியில் அந்தக் களஞ்சியம் நியாயவிலைக் கடை. 1967இல் பேரறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்றதும், சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி தந்தார். கருவூலம் திணறியது என்பதை நாடறியும். ஆனால் ஏழையின் வயிறும் அரசியலின் பொருள் என்பதை அந்த ஒரு படி நிலைநாட்டியது. 2007 முதல் நடந்துவரும் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் அந்த வழியில் வந்ததே. ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். அவலூர்பேட்டைத் தாயாரின் பற்று நோட்டில் இந்த இரண்டும் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பக்கம் கூடியிருக்கும்! ஆகவே அந்தப் பருப்பும் எண்ணெயும் மாதந்தோறும் தவறாமல், எடை குறையாமல் கிடைக்க வேண்டும். பாமாயிலோடு நம் மண்ணின் கடலெண்ணெயும் அங்கே இடம்பெற வேண்டும் என்று உழவர்கள் கேட்கிறார்கள், நியாயமான கோரிக்கை. இறக்குமதிக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு மல்லாட்டைக் கழனிக்கு வந்தால், எண்ணெயும் கிடைக்கும், புண்ணாக்கும் கிடைக்கும், பாலும் கிடைக்கும்.

தில்லிக்கும் ஒரு சொல். 2022 ஜூலையில் உறையிட்ட தயிருக்கும் மோருக்கும் வரி போட்டீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய்க்கும் நெய்க்கும் 12லிருந்து 5 ஆகக் குறைத்தீர்கள், வரவேற்கிறோம். நெய்யைக் குறைக்கத் தெரிந்த கைக்கு ஏழையின் மோர் எட்டாமற்போனது ஏன்? 2019 நவம்பரில் ஆசிய நாடுகளின் பெரு வணிக உடன்பாட்டில் சேராமல் விலகியபோது, அயல்நாட்டுப் பால்தூள் வந்து குவிந்துவிடும் என்று உற்பத்தியாளர்கள் எழுப்பிய குரலுக்கும் அதில் பங்குண்டு. இனி எந்த நாட்டோடு எந்த உடன்பாடு பேசினாலும் அந்தக் குரலை மறக்க வேண்டாம்.

கடைசியாக, நகரத்து அன்பர்களுக்கு நம் வேண்டுகோள். விலைவாசி உங்களையும் வாட்டுகிறது, அறிவோம். மாதக் கடைசியில் பால் உறை ஒன்றைக் குறைத்துக்கொள்ளும் வீடுகள் சென்னையில் எத்தனையோ உண்டு. உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தைச் சரியான முகவரிக்கு அனுப்புங்கள். பால் விலை ஏறியதும் "மாட்டுக்காரனுக்குக் கொழுப்பு" என்று சொல்லாதீர்கள். பாலில்தான் கொழுப்பு, அவன் உடம்பில் இல்லை. கூட்டுறவுப் பாலை வாங்குங்கள். உங்கள் பகுதிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் உறுப்பினராகுங்கள். நீங்களும் அவளும் ஒரே சந்தையில் ஒரே விலைக்குப் பருப்பு வாங்குகிறவர்கள்.

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்று பொருள் கண்டது தமிழ். வள்ளுவரும் அந்தப் பொருளில் அச்சொல்லை ஆண்டார். அந்தச் செல்வத்தைக் காப்பவர் வீட்டில் வரக்காப்பி கொதிக்கிறது என்றால், மொழிக்கு நாம் செய்யும் மரியாதையும் குறைவுதான். அவலூர்பேட்டை வீட்டுச் சுவரில் தொங்கும் பற்று நோட்டு மெலிய வேண்டும். வரவு நோட்டு தடிக்க வேண்டும். அடுத்த முறை நாம் அந்தத் திண்ணையில் போய் உட்காரும்போது, அந்தத் தாய் தன் மாட்டின் பாலை ஊற்றித் தன் பிள்ளைகளுக்கும் காப்பி கலந்து கொடுக்க வேண்டும். நமக்கு ஒரு குவளை மிஞ்சினால் நாமும் குடிப்போம், மிஞ்சாவிட்டாலும் மகிழ்வோம்.